கூழாங்கல், எலும்பு, குடும்பம்: ஓர் அரசுப் பள்ளிச் சிலையின் அரசியல்

1

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் பொதுப்பள்ளி என்று அர்த்தமில்லை. பரம்பரைப் பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற, பெருந்தொகை வாங்குகிற தனியார் பள்ளிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். ஈட்டன், ஹாரோ எல்லாம் அந்த வகை. நம்ம ஊரிலும் கட்டணம் பிடுங்குகிற பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அதே வார்த்தைதான் தொங்குகிறது. 'பொது' என்ற சொல்லையே பொதுமக்களிடமிருந்து பறித்துக்கொள்கிற விஷமம் இது. இந்தக் கட்டுரை அந்தப் பள்ளிகளைப் பற்றியதல்ல. காசு கட்டாமல் பிள்ளைகள் படித்த, உள்ளாட்சி நடத்திய ஒரு பள்ளியைப் பற்றியும், அங்கே திறந்த வெளியில் நிறுத்தப்பட்ட ஒரு வெண்கலச் சிலையைப் பற்றியும் பேசுகிறது.

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் கவுண்டியில் ஸ்டீவனேஜ் என்ற ஊரிலுள்ள பார்க்லே பள்ளிதான் அது. சிலை, ஹென்றி மூர் 1948–49இல் செய்த 'குடும்பக் குழு'. ஏறத்தாழ ஐந்தடி உயரம். ஒரு தாழ்வான பெஞ்சில் ஓர் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே, இருவர் கைகளிலும் ஒரு குழந்தை. உடல்கள் நாம் தெருவில் பார்க்கிற உடல்கள் இல்லை. தோள் அகன்று, தலை சிறுத்து, மார்பும் வயிறும் நீர் அரித்த பாறைபோலப் புடைத்தும் உள்வாங்கியும் கிடக்கின்றன. கைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு முடிச்சாகின்றன. அந்த முடிச்சில்தான் குழந்தை இருக்கிறது.

மூரின் உருவங்கள் 'இயற்கையிலிருந்து வந்தவை' என்பது கலை விமர்சனத்தில் தேய்ந்துபோன வாசகம். தேய்ந்துபோனாலும் பொய்யில்லை. 1930களின் தொடக்கத்தில் நார்ஃபோக் கடற்கரையில் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தவர் அவர். எலும்பு, சிப்பி, தீக்கல், மரவேர் என்று பட்டறை அலமாரி பூராவும் சேர்த்துவைத்திருந்தார். கடல் கல்லை எப்படித் தேய்க்கிறது, எலும்பு எங்கே மெலிந்து எங்கே தடிக்கிறது என்பதிலிருந்தே வடிவத்தின் விதிகளைக் கற்றதாக 1930களில் எழுதிய குறிப்புகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

நம் கேள்வி வேறு. கூழாங்கல்லும் எலும்பும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது, அப்பா, அம்மா, பிள்ளை என்ற ஏற்பாட்டோடு ஏன் வந்து சேர்ந்தன? எது இயற்கை, எது ஏற்பாடு? இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில் யாருக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விகளுக்குச் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தால் பதில் கிடைக்காது. அது அங்கே வந்த வழியைப் பார்க்கவேண்டும்.

2

யார்க்ஷையரின் காஸில்ஃபோர்ட் என்ற நிலக்கரி ஊரில் 1898இல் பிறந்தவர் மூர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா சுரங்கத் தொழிலாளி. தானாகவே படித்துத் தெரிந்துகொண்டவர். தன் பிள்ளைகள் யாரும் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர். அந்தப் பிடிவாதத்துக்குக் கைகொடுத்தது உதவித்தொகை. அதைக்கொண்டுதான் பையன் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கே ஆலிஸ் காஸ்டிக் என்ற ஓவிய ஆசிரியை அவனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். முதல் உலகப்போருக்குப் போன பழைய மாணவர்களின் பெயர்களைத் தாங்கிய மரப்பலகை ஒன்றை 1916இல் பள்ளிக்காக மூர் செதுக்கினார். அவருடைய ஆரம்பகாலச் செதுக்கு வேலைகளில் ஒன்று ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் செய்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்த ஆண்டு அவரே போர்முனைக்குப் போனார். காம்ப்ரே சண்டையில் நச்சுவாயு பட்டுத் திரும்பினார். கொஞ்ச காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பிறகு போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த மானியத்தில் 1919இல் லீட்ஸ் கலைப்பள்ளி, 1921இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரி. 'மேதை' என்று பிற்பாடு உலகம் கொண்டாடிய மனிதர் ஒவ்வொரு படியிலும் பொதுப்பணத்தின் கையைப் பிடித்துத்தான் ஏறினார். மேதைமை பிறவியிலேயே வருவது என்று நம்புகிறவர்கள் இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவார்கள். காஸில்ஃபோர்டில் அதே தெருவில் பிறந்து உதவித்தொகை கிடைக்காமல் சுரங்கத்துக்குள் போன மேதைகளின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

இரண்டாம் உலகப்போர் மூரை மறுபடியும் அந்த மக்களிடம் கொண்டுவந்தது. 1940இல் லண்டன்மீது குண்டு விழுந்தபோது ஜனங்கள் சுரங்க ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் படுத்துக்கிடந்தார்கள். போர்வைக்குள் சுருண்ட அம்மாக்களையும் பிள்ளைகளையும் மூர் வரைந்தார். பிறகு 1941–42 குளிர்காலத்தில் தன் அப்பா வேலைபார்த்த வீல்டேல் சுரங்கத்துக்கே இறங்கித் தொழிலாளர்களை வரைந்தார். அதுவரை நவீனக் கலை என்றால் நாலு பேருக்கு மட்டும் புரிகிற சமாச்சாரம் என்று ஒதுங்கியிருந்தவர்களும் பதுங்கிட ஓவியங்களைப் பார்த்து நின்றார்கள். குண்டுவீச்சில் லண்டன் பட்டறை சேதமான பிறகு மூர் குடிபோன கிராமம் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில்தான் இருக்கிறது. சாகும்வரை அங்கேயே இருந்தார்.

3

சிலை முதலில் ஸ்டீவனேஜுக்காக யோசிக்கப்பட்டதல்ல. பக்கத்துக் கவுண்டியான கேம்பிரிட்ஜ்ஷையரில் ஹென்றி மாரிஸ் என்ற கல்வி அதிகாரி இருந்தார். கிராமத்துக்கு ஒரு கட்டடம். பகலில் பிள்ளைகள் படிப்பார்கள், சாயங்காலம் பெரியவர்கள் வருவார்கள். நூலகம், கூடம், பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில். இதற்குக் 'கிராமக் கல்லூரி' என்று பெயர் வைத்து 1924இல் திட்டம் எழுதினார் மாரிஸ். முதலாவது 1930இல் சாஸ்டனில் திறந்தது. இம்ப்பிங்டன் கிராமத்துக்கான கட்டடத்தை வரைந்தவர்கள் வால்ட்டர் கிரோப்பியஸும் மாக்ஸ்வெல் ஃப்ரையும். கிரோப்பியஸ், பௌஹௌஸ் பள்ளியை நிறுவியவர். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி 1934இல் இங்கிலாந்து வந்திருந்தவர். இந்த இம்ப்பிங்டனுக்கு ஒரு சிற்பம் வேண்டும் என்று மாரிஸ் மூரிடம் கேட்டார். குடும்பம் முழுக்க வந்து போகிற பள்ளி என்பதால் குடும்பத்தையே கருப்பொருளாக எடுக்கலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

ஆனால் காசில்லை. 1939இல் பள்ளி சிற்பம் இல்லாமலேயே திறந்தது. போர் முடியும் தறுவாயில் மாரிஸ் மறுபடி கேட்டார். மூர் களிமண்ணில் சிறுசிறு மாதிரிகளாகக் குடும்பங்களைச் செய்து பார்த்தார். ஒன்றில் ஒரு குழந்தை, இன்னொன்றில் இரண்டு, சிலதில் அப்பா கையில் புத்தகம். கமிட்டிக்கு அவை பிடிக்கவில்லை, பணமும் தேறவில்லை. இரண்டாவது முறையும் கைவிடப்பட்டது. கலைஞனும் கல்வி அதிகாரியும் ஒத்துப்போனால் போதாது; மக்கள் பிரதிநிதிகள் என்று உட்கார்ந்திருப்பவர்கள் 'இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்கிற கேள்வியையும் தாண்டியாகவேண்டும். அந்தக் கேள்வியை இளக்காரமாகப் பார்க்கத் தேவையில்லை. செங்கல்லுக்கே பஞ்சமாக இருந்த காலத்தில் நியாயமான கேள்விதான் அது. கேட்கிறவர் எந்த வர்க்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார் என்பதுதான் விஷயம்.

அதே கேள்விக்கு ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் வேறு பதில் சொன்னது. அங்கே ஜான் நியூசம் கல்வி இயக்குநர். 1944 கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மேல்நிலைக் கல்வி என்று அறிவித்திருந்தது. 1947 ஏப்ரலில் கட்டாயக் கல்வியின் வயது 15ஆக உயர்ந்தது. வகுப்பறைகள் எங்கே? லண்டனைச் சுற்றிய கவுண்டிகளில் ஜனத்தொகை பெருகிக்கொண்டிருந்தது. 1946 நவம்பரில் ஸ்டீவனேஜ் நாட்டின் முதல் 'புதிய நகர'மாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நிலத்தை எடுக்க வந்த அமைச்சர் லூயிஸ் சில்கினைக் கேலிபண்ணி ரயில் நிலையப் பலகையில் 'சில்கின்கிராட்' என்று எழுதி மாட்டினார்கள். ஆக, நல்வாழ்வு அரசு என்பது எல்லோரும் கைதட்டி வரவேற்ற திருவிழா அல்ல.

இந்தச் சூழலில்தான் 1947இல் நியூசம் மூரிடம் வந்தார். யார்க், ரோசன்பெர்க், மார்டல் என்ற கட்டடக்கலைக் குழு வடிவமைத்த பார்க்லே பள்ளிக்கு ஒரு சிற்பம் வேண்டும் என்றார். பத்தாண்டுக்கும் மேலாக அலைந்த குடும்பத்துக்கு ஒருவழியாக வீடு கிடைத்தது. பள்ளி 1949இல் திறந்தது. ரொட்டிக்குக்கூட ரேஷன் போட்டு, அது நீங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இறைச்சிக்கு 1954வரை ரேஷன் இருந்தது.

4

இனி 'இயற்கை'க்கு வருவோம்.

மூரின் தலைமுறை சிற்பிகளுக்கு ஒரு வேதவாக்கு இருந்தது: பொருளுக்கு உண்மையாக இரு. கல்லைச் சதைபோலக் காட்டாதே, கல்லைக் கல்லாகவே விடு. மாதிரி செய்து ஆள்வைத்துப் பிரதியெடுக்காதே, நேரடியாகச் செதுக்கு. இங்கிலாந்தில் இதை 1910 வாக்கில் கிளப்பியவர்கள் எரிக் கில்லும் ஜேக்கப் எப்ஸ்டைனும். இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. கில்லின் சிந்தனையில் ஆழமாகப் பாதிப்புச் செலுத்தியவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் முத்துக் குமாரசாமி என்ற இலங்கைத் தமிழருக்குப் பிறந்தவர். இந்தியச் சிற்பப் படங்களைத் தொகுத்து குமாரசாமி 1914இல் வெளியிட்ட 'விஸ்வகர்மா' நூலுக்கு முன்னுரை எழுதியவர் கில். கிரேக்கப் பளிங்குதான் உச்சம் என்ற ஐரோப்பியப் பாடத்தை உடைப்பதற்கு இந்தியக் கல்லும் ஆப்பிரிக்க மரமும் மெக்சிகோ பாறையும் வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இவற்றைப் பார்த்துப் படித்தே மூர் வளர்ந்தார். அவை அந்த மியூசியத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது தனிக் கதை. நேரடிச் செதுக்கல் என்ற 'இயல்பான' முறைகூட இப்படிப் பல கைகள் மாறி, பேரரசின் கப்பல் ஏறி வந்த ஒரு வரலாற்றுச் சரக்குதான்.

வேடிக்கை என்னவென்றால், பார்க்லே பள்ளிச் சிலையில் இந்த வேதவாக்கு மீறப்படுகிறது. அது கல்லில்லை, வெண்கலம். முதலில் மாதிரி, பிறகு அச்சு, பிறகு வார்ப்பு. மூர் பேரளவில் செய்த முதல் வெண்கலச் சிற்பம் இதுதான். பின்னிய கைகளையும் நடுவே திறந்த வெளியையும் கல்லில் பிடிப்பது கடினம். மழையும் பிள்ளைகளும் படுகிற இடத்துக்கு வெண்கலம் தாங்கும். வெண்கலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரே அச்சிலிருந்து பல வார்ப்புகள் எடுக்கலாம். பள்ளிக்குப் போனதன் உடன்பிறப்பு ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்னொன்று லண்டன் டேட்டுக்குப் போனது. இதை மறக்கவேண்டாம், பிறகு தேவைப்படும்.

கடலும் காற்றும் தேய்த்த மாதிரி வழுவழுப்பான உருவத்தில் அப்பா, அம்மா, குழந்தையைக் காட்டும்போது என்ன நடக்கிறது? குடும்பம் என்ற அமைப்பும் கடலும் காற்றும் செய்த விஷயமாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. கூழாங்கல்லை யாரும் கேள்வி கேட்பதில்லையே! ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜிஸ்' நூலில் 'மனிதகுலம் என்னும் மகா குடும்பம்' என்ற புகைப்படக் கண்காட்சியைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னார். அந்தக் கண்காட்சி 1955இல் தொடங்கியது அதே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். பிறப்பு, இறப்பு, உழைப்பு எல்லாம் எல்லோருக்கும் பொது என்று காட்டி, யார் பிள்ளை எந்த நிலைமையில் பிறக்கிறது, யார் உழைப்பை யார் தின்கிறார்கள் என்பதை மறைத்துவிடுகிறது என்பது அவர் வாதம். வரலாற்றின் அடியில் இயற்கையை வைத்து மெழுகிவிடுகிற வேலை.

பார்க்லே சிலையைச் சுற்றியிருந்த வரலாறு மெழுகப்படாமல் ஆவணங்களில் கிடக்கிறது. போர்க்காலத்தில் பெண்கள் லட்சக்கணக்கில் ஆலைகளுக்குப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பகல் காப்பகங்கள் நடத்தியது. போர் முடிந்ததும் மானியம் குறைந்து காப்பகங்கள் வரிசையாக மூடப்பட்டன. 1942 பெவரிட்ஜ் அறிக்கை நல்வாழ்வு அரசின் அஸ்திவாரம் என்று நாம் படிக்கிறோம், சரிதான். அதே அறிக்கை, கல்யாணமான பெண்ணைப் புருஷனின் காப்பீட்டில் தொங்குகிறவளாகத்தான் வைத்தது. 1945 குடும்ப உதவித்தொகைச் சட்டத்தின் முதல் வரைவில் பணம் அப்பா கைக்குப் போவதாக இருந்தது. எலினார் ராத்போன் மாதிரியான பெண்கள் பாராளுமன்றத்தில் சண்டை போட்ட பிறகே அது அம்மா கைக்கு மாறியது. அதுவும் வாரம் ஐந்து ஷில்லிங், இரண்டாவது பிள்ளையிலிருந்துதான். முதல் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. மூரின் வெண்கலக் குடும்பத்தில் ஒரே பிள்ளை. 1946இல் அந்த அம்மா உதவித்தொகைக்கு வரிசையில் நின்றிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பாள்!

இதையெல்லாம்விடப் பொருத்தமான ஆவணம் ஒன்று இருக்கிறது. சிலையை வரவழைத்த அதே ஜான் நியூசம் 1948இல், சிலை உருவாகிக்கொண்டிருந்த வருஷத்தில், பெண்களின் கல்வி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண் பிள்ளைகளின் படிப்பு ஆண்களின் படிப்பை நகலெடுக்கக்கூடாது. பெரும்பாலான பெண்கள் மனைவியாக, தாயாக, இல்லத்தைப் பேணுகிறவளாக ஆகப்போகிறார்கள், அதற்குத்தான் பள்ளி அவர்களைத் தயார்செய்யவேண்டும் என்பது அதன் சாரம். பிற்போக்காளர் எழுதவில்லை இதை. அந்தக் காலத்தின் முன்னோடியான கல்வி நிர்வாகிகளில் ஒருவர் எழுதினார். இப்போது மறுபடியும் சிலையைப் பாருங்கள். அந்த முடிச்சு அன்பின் முடிச்சு மட்டுமா? பள்ளியில் நுழையும் ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் அவள் போய்ச் சேரவேண்டிய இடத்தை முன்கூட்டியே காட்டிவிடும் வழிகாட்டிப் பலகையும்தான். அதைப் பலகை என்று யாரும் நினைக்காதபடி கூழாங்கல்லின் வழுவழுப்பு பார்த்துக்கொள்கிறது. ஹார்லோ என்ற இன்னொரு புதிய நகரத்துக்கும் மூர் 1954–55இல் ஒரு குடும்பத்தைக் கல்லில் செதுக்கிக் கொடுத்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், புதிய நகரங்கள் எந்த மனித அலகை நம்பிக் கட்டப்பட்டன என்பது விளங்கும்.

5

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை வசதியாக முடிந்துவிடும். கட்டுடைத்தாயிற்று, கருத்தியல் அம்பலம், எழுந்துபோகலாம். நம் சிறுபத்திரிகைகளில் பல கட்டுரைகள் இந்த இடத்தில்தான் எழுந்துபோகின்றன. ஆனால் இந்தச் சிலை விஷயத்தில் அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி பார்க்லே எந்த மாதிரிப் பள்ளி என்பதில் இருக்கிறது. 1944 சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகளை 11 வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிரித்தார்கள். தேறியவர்கள் 'கிராமர்' பள்ளிக்கும் அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும். சிலர் தொழில்நுட்பப் பள்ளிக்கு. மிச்சமிருந்த பெரும்பான்மை 'செகண்டரி மாடர்ன்' பள்ளிக்கு. அங்கே போகிறவர்கள் 15 வயதில் பெரும்பாலும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வெளியே வந்து ஆலைக்கோ கடைக்கோ போகவேண்டியவர்கள். யார் தேறுகிறார்கள், யார் தேறவில்லை என்பதில் வர்க்கம் எந்த அளவுக்கு வேலைசெய்தது என்பதைப் பிற்பாடு சமூகவியலாளர்கள் விலாவாரியாக எழுதினார்கள். பதினோரு வயதுப் பிள்ளையின் நெற்றியில் 'நீ தேறமாட்டே' என்று எழுதி அனுப்புகிற ஏற்பாடு. இதற்கும் 'இயல்பான திறமை' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். இயற்கை மறுபடியும்!

பார்க்லே இந்த மூன்றாவது வகைப் பள்ளி. மூரின் வெண்கலம் ஈட்டனுக்குப் போகவில்லை. தேறாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளின் பள்ளிக்கு வந்தது. மியூசியத்துக்கு அசலைக் கொடுத்துவிட்டு இவர்களுக்குப் பிளாஸ்டரில் நகல் எடுத்துக் கொடுக்கவில்லை. நியூயார்க்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிற அதே வார்ப்பு வரிசையில் ஒன்று, ஸ்டீவனேஜில் பை தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளை கையால் தொட்டுப்பார்க்கிற உயரத்தில் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதோ கொடுத்தால் போதும் என்கிற தரும மனப்பான்மை இதில் இல்லை. இருப்பதில் சிறந்தது எதுவோ அது இவர்களுக்கு என்ற முடிவு இருக்கிறது.

நியூசம் சிலையோடு நிற்கவுமில்லை. ஓவியங்களையும் சிற்பங்களையும் கவுண்டிப் பணத்தில் வாங்கிப் பள்ளி பள்ளியாக இரவல் கொடுக்கிற தொகுப்பு ஒன்று 1949இல் தொடங்கியது. நூலகப் புத்தகம் சுற்றிவருகிற மாதிரி அசல் ஓவியம் வகுப்பறைகளைச் சுற்றிவந்தது. 1963இல் நியூசம் தலைமையில் வெளிவந்த அரசு அறிக்கையின் தலைப்பே 'நம் எதிர்காலத்தில் பாதி'. தேறாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. பெண் பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்ப நினைத்த மனிதரும், ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூரைக் கொண்டுவந்த மனிதரும் ஒரே ஆள். இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் அவரை மகானாகவோ வில்லனாகவோ ஆக்கமுடியும். நல்வாழ்வு அரசும் அப்படித்தான். கொடுத்தபோதே கட்டிப்போட்டது, கட்டிப்போட்டுக்கொண்டே கொடுத்தது.

பார்வையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சிலை ஒன்றைச் சொல்கிறது என்பதால் பிள்ளைகள் அதையே கேட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. பள்ளி மைதானத்தில் நிற்கிற சிலைக்குப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பார்கள், மடியில் ஏறி உட்காருவார்கள், தொப்பி மாட்டுவார்கள். கருத்தியல் மேலிருந்து கீழே சொட்டுச்சொட்டாக இறங்கி அப்படியே உள்ளே போய்விடுகிறது என்று நம்புகிற விமர்சகன், பிள்ளைகளைவிடச் சிலையைத்தான் அதிகம் மதிக்கிறான். மியூசியத்தில் 'தொடாதே' என்ற பலகையோடு நிற்கிற பிரதிக்கும், தொட்டுத் தொட்டுப் பளபளத்துப்போகிற பிரதிக்கும் பொருள் ஒன்றாக இருக்கமுடியாது.

6

முடிவுகள் எடுக்கப்படுகின்றன, எடுத்த முடிவுகள் திரும்பப் பெறப்படுகின்றன. அடுத்த கதை அதுதான்.

2005 டிசம்பரில் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரிலேயே, மூர் வாழ்ந்த பெரி கிரீன் கிராமத்தின் வளாகத்துக்குள் ராத்திரி ஒரு கிரேன் லாரி புகுந்தது. இரண்டு டன்னுக்கும் மேலான 'சாய்ந்திருக்கும் உருவம்' ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதிப்பு 30 லட்சம் பவுண்டு. பின்னால் போலீஸ் சொன்ன முடிவு: துண்டுதுண்டாக வெட்டி, உருக்கி, உலோகமாக விற்கப்பட்டிருக்கும், அதிகம் போனால் 1,500 பவுண்டு தேறியிருக்கும். காயலான் கடை விலை! 2011 டிசம்பரில் தெற்கு லண்டனில் டல்விச் பூங்காவில் 1970இலிருந்து நின்ற பார்பரா ஹெப்வர்த் சிற்பம் ஒன்று இதே மாதிரி அறுத்தெடுக்கப்பட்டது. உலக உலோகச் சந்தையில் செம்பு விலை ஏறியபோது ஊருக்கு ஊர் பொதுச் சிலைகள் வெறும் எடையாக மாறின. பார்க்லே குடும்பத்தின்மீதும் கைவைக்கப்பார்த்தார்கள். திருட்டு முயற்சிக்குப் பிறகு 2010இல் சிலை உள்ளே கொண்டுபோகப்பட்டது. மழைக்காக வெண்கலமாக்கப்பட்டது இப்போது கூரைக்கு அடியில்.

திருடர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் செய்ததையே கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துச் செய்கிறவர்களை என்ன சொல்வது? கிழக்கு லண்டன் ஸ்டெப்னியில் உழைக்கும் மக்களின் அரசுக் குடியிருப்புக்காக 1962இல் லண்டன் கவுண்டி கவுன்சில் மூரின் 'துகிலணிந்து அமர்ந்த பெண்' சிலையை 7,400 பவுண்டுக்கு வாங்கியது. ஏழைகளுக்குப் போகிறது என்று தெரிந்து சந்தை விலைக்கும் குறைவாகக் கொடுத்தார் மூர். ஜனங்கள் 'ஓல்ட் ஃப்ளோ' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 1990களில் அந்தக் குடியிருப்பின் அடுக்குமாடிகள் இடிக்கப்பட்டபோது சிலை யார்க்ஷையர் சிற்பப் பூங்காவுக்கு இரவலாகப் போனது. 2012இல் டவர் ஹாம்லெட்ஸ் நகராட்சி மேயர் லுத்ஃபுர் ரஹ்மான் அதை விற்கப்போவதாக அறிவித்தார். மத்திய அரசு மானியத்தை வெட்டுகிறது, வீடில்லாதவர்கள் இருக்கிறார்கள், சிலையை விற்றால் 2 கோடி பவுண்டுவரை வரும் என்பது வாதம். எதிர்ப்புக் கிளம்பியது. சிலை யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்து, 2015இல் டவர் ஹாம்லெட்ஸுக்கே என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் மேயர் மாறி, விற்பனை கைவிடப்பட்டது. 2017இல் ஓல்ட் ஃப்ளோ ஊர் திரும்பினாள். எங்கே? கேனரி வார்ஃபில், வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே!

'வீடா, சிலையா?' என்ற கேள்வியை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏழைகளின் பக்கம் நின்று கேட்கிற கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. 1940களில் கேம்பிரிட்ஜ்ஷையர் கமிட்டி கேட்டதும் இதைத்தான். ஆனால் வங்கிகளை மீட்கப் பணம் இருக்கிற நாட்டில், இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனை ஏழைகளுக்கு மட்டும் ஏன் விதிக்கப்படுகிறது? பணக்காரனிடம் போய் 'உனக்கு வீடு வேணுமா, ஓவியம் வேணுமா?' என்று யாரும் கேட்பதில்லை. 1949இல் ரேஷன் கார்டோடு நின்ற ஒரு சமூகம் வீடும் கட்டியது, பள்ளியும் கட்டியது, சிலையும் வைத்தது. அதைவிடப் பல மடங்கு செல்வம் பெருத்த பிறகு அதே சமூகம் 'கட்டுப்படியாகாது' என்கிறது. கட்டுப்படியாகாமல் போனது பணமா, முடிவா?

கடைசியாக ஹெர்ட்ஃபோர்ட்ஷையர். நியூசம் தொடங்கிய இரவல் தொகுப்பில் எழுபது ஆண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் சேர்ந்திருந்தன. பள்ளிகளுக்குச் சுற்றிவருவது நின்றுபோய் அவை கிடங்கில் கிடந்தன. கிடங்கில் கிடப்பதைப் பராமரிப்பதில் பயனில்லை என்று கவுண்டி கவுன்சில் பெரும் பகுதியைக் கழித்துவிட முடிவுசெய்து, 2019இல் கேம்பிரிட்ஜில் நூற்றுக்கணக்கானவற்றை ஏலம் விட்டது. வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். முதலில் பிள்ளைகளுக்கு அனுப்புவதை நிறுத்துவது. பிறகு பிள்ளைகள் பார்ப்பதில்லை என்று சொல்லி விற்பது. பள்ளியில் ஆசிரியரைப் போடாமல் விட்டு, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பள்ளியையே மூடுகிற தந்திரம் நமக்குப் பழக்கமானதுதான்.

இந்த விற்பனைகளைக் கண்டிக்கிறவர்களில் ஒரு சாரார் மூரின் சிற்பத்தைப் பிரிட்டிஷ் மண்ணின் இயற்கைச் சொத்தாகப் பேசுகிறார்கள். குன்றுபோல, பாறைபோல அது என்றும் நிற்கவேண்டியது என்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த வழியில் போனால் தோல்விதான். குன்றும் பாறையும் சந்தைக்கு வராமல் இருக்கின்றனவா என்ன? மலையை அறுத்து ஏற்றுமதி செய்கிற காலத்தில் 'இயற்கை' என்ற சொல் எதற்கும் கேடயம் ஆகாது. சிலை இயற்கையாக அங்கே முளைக்கவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்று யாரோ ஒரு நாள் முடிவெடுத்தார்கள். தேறாத பிள்ளைகளின் பள்ளிக்கு முதல்தரமான வார்ப்பை வாங்கலாம் என்று ஒரு கமிட்டி கைதூக்கியது. இரண்டுமே சண்டை போட்டுப் பெற்றவை. சண்டை ஓய்ந்தால் போய்விடக்கூடியவை.

பார்க்லே சிலையிடமிருந்து எடுத்துக்கொள்ள இருப்பது இரண்டு. அது சொல்லும் குடும்பத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிற உரிமை, முதலில் அந்தப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் அவிழ்த்துப் பார்ப்பதற்குக்கூட அது அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தாகவேண்டும். ஏலக்கூடத்திலும் கோபுரத்தின் நிழலிலும் கிடக்கிற பிரதியோடு யாரும் சண்டை போடமுடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறந்த கலை வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமல்ல. அந்தக் கலையை மறுத்துப் பேசவும், கேலி பண்ணவும், வேறு மாதிரிச் செய்து காட்டவும் அவர்களுக்கு வழி வேண்டும் என்று கேட்பது அது. கூழாங்கல்லைக் கடல் தேய்த்துக் கொடுக்கும். பொதுவிடத்தை யாரும் தேய்த்துக் கொடுக்கமாட்டார்கள்; ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கிறது.